எண்ணப்படாத பற்கள்: தேயிலை ஸ்டோரிலிருந்து வீட்டு லேத் வரை

ரத்தோட்டைப் பக்கம் எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன லேத் மெஷின். பழைய பிரித்தானிய மெஷின், பல கை மாறி வந்தது. போன வருஷம் அதன் பக்கவாட்டில் இருக்கிற பற்சில்லுகளில் ஒன்றில் இரண்டு பல் உடைந்துபோனது. எண்ணிப் பார்த்தோம். 40 பல். அதே 40 பல்லுள்ள புதுச் சில்லு ஒன்றைத் தேடி வாங்கி வந்தோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சு அசல் அதேதான். பூட்டி ஓடவிட்டால் கொட்டில் முழுக்கக் கரகரவென்று சத்தம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கல்லு அரைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேர்னியரை எடுத்து அளந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பழைய சில்லின் வெளிவிட்டம் 53.3 மில்லிமீற்றர். புதியது 52.5. ஒன்று அங்குலக் கணக்கில் வெட்டியது, மற்றது மில்லிமீற்றர் கணக்கில் வெட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன வித்தியாசம் ஏன் எங்கள் கொட்டிலுக்குள் வந்தது என்று கேட்டுக்கொண்டு போனோம். அது மாத்தளையின் கோப்பித் தோட்டம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒரு சில்லு தனியாக ஓடாது

முதலில் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்.

இரண்டு பற்சில்லுகள் சேர்ந்து ஓடும்போது, வழுக்காமல் உருளுகிற இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றுவதாக நினைத்துக்கொள்ளலாம். அந்த வட்டம் பல்லின் நுனியிலும் இல்லை, அடியிலும் இல்லை. நடுவில் எங்கோ இருக்கிறது. அதன் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் எத்தனை பல் என்று கணக்குப் போடுவது பிரித்தானிய வழி. எங்கள் லேத்தில் அங்குலத்துக்கு 20 பல். ஆகவே 40 பல்லுள்ள சில்லுக்கு அந்த வட்டம் சரியாக 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். மெட்ரிக் வழியில் விட்டத்தைப் பல்லின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வருகிற விடைக்கு மொடியூல் என்று பேர். நாங்கள் வாங்கியது 1.25 மொடியூல். 40 பல்லுக்கு 50 மில்லிமீற்றர். இரண்டுக்கும் வித்தியாசம் 0.8 மில்லிமீற்றர்.

பல்லின் சரிவும் வேறு. பழைய பிரித்தானிய, அமெரிக்கச் சில்லுகள் பெரும்பாலும் 14.5 பாகை. இப்போது வருவது பெரும்பாலும் 20 பாகை. சரிவு மாறினால் பல்லின் உருவமே மாறிவிடும். அந்த உருவமும் சும்மா வரைந்த வளைவு கிடையாது. ஒரு ரின்னில் நூலைச் சுற்றி, இறுக்கிப் பிடித்தபடியே அவிழ்த்தால் நூலின் நுனி ஒரு வளைகோடு போடும். அந்தக் கோட்டைப் பல்லுக்கு வைத்தால் இரண்டு சில்லும் ஒரே சீராகச் சுற்றும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஒய்லர் சொன்னார். இன்றைக்கும் பெரும்பாலான சில்லுகளின் பல் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பற்சில்லு வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதினம் இல்லை. பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்க இந்தியாவில் பழைய காலத்தில் பாவித்த மரக் கருவியில், இரண்டு உருளைகளையும் எதிரெதிராகச் சுற்றவைத்தது மரத்தில் செதுக்கிய திருகுப் பல்தான். பிரித்தானியத் தொழிற்புரட்சி கொண்டுவந்த புதுமை வேறு. ஒரே அளவில் ஆயிரம் சில்லு வெட்டி, ஒன்று உடைந்தால் இன்னொன்றை அப்படியே பூட்டலாம் என்ற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் ஒரே அளவைப் பாவிக்க வேண்டும். எந்த அளவு என்பதை இயந்திரம் செய்தவன் தீர்மானித்தான்.

மாத்தளைக்கு இரும்பு வந்த வழி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டியும் மாத்தளையும் கோப்பிக் காடு. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்முடைய முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைத் தாண்டி நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். அவர்களின் உழைப்பில் விளைந்த கோப்பிப் பழத்தின் தோலை உரிக்க ஒரு மெஷின் தேவைப்பட்டது. சொரசொரப்பான செப்புத் தகடு சுற்றிய உருளை, அதைச் சுற்ற ஒரு கைபிடி அல்லது நீர்ச்சில்லு. அந்த மாதிரி இயந்திரங்களைச் செய்து, திருத்திக் கொடுக்கத்தான் ஜோன் வோக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1854இல் கண்டியில் ஒரு பட்டறை தொடங்கினார். பிறகு வோக்கர் சன்ஸ் என்ற பெரிய கொம்பனியாக வளர்ந்தது அதுதான்.

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கொஞ்ச வருஷத்தில் கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் தேயிலை போட்டிருந்தார். ஆரம்பத்தில் அவருடைய பங்களா வராந்தாவில் மேசை மேல் வைத்துக் கையாலேயே கொழுந்தை உருட்டினார்கள். கையால் உருட்டி எத்தனை இறாத்தல் உருட்ட முடியும்? 1870களில் அசாமில் வில்லியம் ஜாக்சன் என்பவர் உருட்டும் மெஷின் செய்தார். இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் கொம்பனி அவருடைய மெஷின்களை வார்த்து உலகமெல்லாம் அனுப்பியது. பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் 1881இல் தொடங்கிய சிரோக்கோ தொழிற்சாலையிலிருந்து காயவைக்கும் மெஷின்கள் வந்தன. அதற்கு முந்தின வருஷம், 1880இல், கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் பாதை வந்திருந்தது. மாட்டு வண்டியில் ஏற்ற முடியாத பார இரும்பு மாத்தளை ஸ்டேஷன் வரை வர அதுதான் வழி செய்தது.

இப்படி வந்த ஒவ்வொரு பல்லும் அங்குலத்தில் வெட்டிய பல்.

ஸ்டோருக்குள்ளே

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் 'ஸ்டோர்' என்றுதான் சொல்வோம். மேல் மாடிகளில் கொழுந்து வாடும். கீழே ரோலர்கள் ஓடும். அந்தக் காலத்தில் ஸ்டோரின் நீளத்துக்கு மேலே ஒரு நீண்ட இரும்புத் தண்டு ஓடும். அதற்கு லைன் சாஃப்ட் என்று பேர். ஓடைத் தண்ணீரோ நீராவி எஞ்சினோ பின்னால் வந்த டீசல் எஞ்சினோ அந்த ஒரு தண்டைச் சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கும்.

ரோலர் என்பது வட்டமான ஒரு மேசையும், அதன் மேல் அடியில்லாத ஒரு பெட்டியும். பெட்டிக்குள் வாடிய கொழுந்து. மூன்று கிராங்க் தண்டுகள் பெட்டியைப் பிடித்து மேசை மேல் வட்டமாக ஆட்டும். பெல்ட் கிடையாகச் சுற்றுகிற தண்டைத்தான் திருப்பும். கிராங்க் சுற்ற வேண்டியதோ செங்குத்தாக நிற்கிற தண்டில். இந்தத் திருப்பத்தைச் செய்வது சரிவாகப் பல் வெட்டிய இரண்டு சில்லுகள், பெவல் கியர். வேகத்தைக் குறைப்பதும் அதன் வேலைதான். இன்றைய மோட்டர் நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்று ஓடும். ரோலர் 45 சுற்று ஓடினால் போதும். 1440ஐ 45ஆல் வகுங்க, 32. அந்த 32 மடங்கு வேகத்தைப் பெல்ட்டும் பல்லும் சேர்ந்து தின்ன வேண்டும். வேகம் குறையக் குறைய முறுக்கு விசை கூடும். அதனால்தான் கடைசிச் சில்லின் பல் எப்போதும் தடிப்பம்.

இந்தச் சில்லுகள் தேயும், உடையும். கொழுந்து மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கொழுந்து காத்திருக்காது. கப்பலில் புதுச் சில்லு வரும்வரை மெஷினை நிறுத்திவைக்க முடியுமா? ஸ்டோரின் பிட்டரும் பாஸும் அவர்களுக்குக் கீழே நின்ற உதவியாளும்தான் ஏதாவது செய்ய வேண்டும். உடைந்த பல் இருந்த இடத்தில் துளை போட்டு, இரும்புக் கம்பியைத் திருகி இறக்கி, அரத்தால் ராவிப் பல்லாக்குவது எந்த நாட்டுப் பட்டறையிலும் உள்ள பழைய வித்தை. பக்கத்துப் பல்லில் நீலச் சாயம் பூசிச் சுற்றிப் பார்த்து, எங்கே சாயம் ஒட்டுகிறதோ அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் ராவுவார்கள். காது கொடுத்துச் சத்தம் கேட்பார்கள். அது துல்லியம்தான். மைக்ரோமீற்றர் இல்லாத துல்லியம்.

மார்ஷல் என்ற பேர் வார்ப்பில் எழும்பி நிற்கிறது. சிரோக்கோ என்ற பேரும் நிற்கிறது. பல்லை ராவியவரின் பேர் செக்றோலில் மட்டும் இருக்கும். அதிலும் பேரும் நாட்சம்பளமும்தான், அவருக்கு என்ன தெரியும் என்பது இருக்காது.

கோயம்புத்தூரில் நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை?

இந்தக் கேள்விதான் எங்களைத் தூங்கவிடவில்லை. கோயம்புத்தூருக்கும் ஆலை மெஷின்கள் இங்கிலாந்திலிருந்துதான் வந்தன. அங்கேயும் சில்லுகள் உடைந்தன. அங்கேயும் ஆட்கள் அவற்றைத் திருத்தினார்கள். ஆனால் அங்கே திருத்தியவர்கள் சின்னப் பட்டறை போட்டார்கள், பட்டறை தொழிற்சாலையானது. பி. சுப்பிரமணியம் 1969இல் தொடங்கிய சாந்தி கியர்ஸ், நூற்பாலை மெஷின்களுக்குச் சில்லு வெட்டுவதில் ஆரம்பித்து இந்தியாவின் பேர்பெற்ற கியர் கொம்பனிகளில் ஒன்றானது. பிஎஸ்ஜி தொழிற்பயிற்சி நிலையம் 1926இலேயே அங்கே இருந்தது. லேத் ஓட்டப் படித்தவர் வெளியே வந்து சொந்தமாக ஒரு லேத் வைக்க முடிந்தது.

இங்கே? ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை செய்த பிட்டருக்குக் கைத்திறன் இருந்தது. பட்டறை போட ஒரு கொட்டில் வேண்டுமே. அவர் இருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்ற ஆளுக்கு யார் காணி கொடுப்பார், எந்த வங்கி கடன் கொடுக்கும்? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். ஆட்களை எண்ணினார்கள், அவர்களின் கையில் இருந்த வேலையை யாரும் எண்ணவில்லை. கப்பல் ஏறியவர்களில் கொழுந்து பறித்தவர்கள் மட்டும் இல்லை, ஸ்டோரில் நின்றவர்களும் உண்டு. தாயகம் திரும்பியவர்களுக்காக நீலகிரியில் 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும் கொழுந்து உருட்ட ரோலர்தான்.

இங்கே மிஞ்சியவர்களுக்கு 1970களில் சோதனை மேல் சோதனை. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய காலம். வெளிநாட்டு உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டமாகியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. அதே பத்தாண்டில் நாடு மெட்ரிக் அளவுக்கும் மாறத் தொடங்கியது. ஸ்டோரில் ஓடுவது அங்குலப் பல், இனிமேல் வருவது மில்லிமீற்றர் பல். இந்த இரண்டையும் ஒத்துப்போகவைக்கிற வேலை மறுபடியும் அதே பேரில்லாத கைகளில்தான் விழுந்தது. 1977இலும் 1983இலும் கலவரம் வந்தபோது, பிழைப்பாவது மிஞ்சுமா என்றிருந்த சனங்கள் பட்டறையைப் பற்றி எங்கே யோசிப்பது? நாடற்ற நிலை சட்டப்படி தீர்ந்தது 2003இல்தான். கோயம்புத்தூரில் ஒரு தலைமுறை பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நமக்கு அப்போதுதான் பிரஜாவுரிமை முழுசாக வந்தது.

திறமை இல்லாமல் போனதால் நாம் பின்தங்கவில்லை. திறமையை வைத்துக்கொள்ள ஒரு கதவும் பூட்டும் இல்லாமல் போனது.

எங்கள் நாற்பது பல்

சரி, கொட்டிலுக்குத் திரும்புவோம். இன்றைக்கு நண்பரின் வீட்டுக்குக் கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது. ஆகவே சில்லை நாங்களே வெட்டுவது என்று முடிவெடுத்தோம். நீங்களும் செய்யலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் எண்ணிக்கை. பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தால் வகுக்க வேண்டும், விட்டம் அங்குலத்தில். 42ஐ 2.1ஆல் வகுத்தால் 20. முழு எண் வந்தால் சில்லு அநேகமாக அங்குலச் சில்லு. மெட்ரிக் சில்லு என்றால் தலைகீழ். மில்லிமீற்றரில் விட்டத்தை எடுத்து 42ஆல் வகுத்தால் 1, 1.25, 1.5 என்று ஒழுங்கான எண் வரும்.

வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றை 2.1 அங்குலத்துக்குக் கடைந்தோம். பல்லைச் சம இடைவெளியில் வெட்ட டிவைடிங் ஹெட் வேண்டும். அதன் கைபிடியை 40 தடவை சுற்றினால் வேலைப்பொருள் ஒரு தடவை சுற்றும். எங்களுக்கு அதிர்ஷ்டம், 40 பல்லுக்குப் பல்லொன்றுக்குச் சரியாக ஒரு சுற்று. 32 பல் என்றால் ஒன்றேகால் சுற்று சுற்ற வேண்டியிருக்கும். வெட்டும் கட்டர் எட்டு எண்களில் வரும். 35 முதல் 54 பல் வரைக்கும் மூன்றாம் நம்பர். கட்டர் வாங்கப் பணம் இல்லாவிட்டால் நல்ல சில்லின் இரண்டு பல்லுக்கு இடையிலுள்ள பள்ளத்தைப் பார்த்து, அதே உருவத்தில் ஒற்றை வெட்டுளியைத் தீட்டிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். வெட்ட வேண்டிய ஆழம் 2.157ஐ 20ஆல் வகுத்தால் வருவது, சுமார் 0.108 அங்குலம். ஒரே வெட்டில் முழு ஆழமும் போக வேண்டாம், மெஷின் அதிரும்.

முதல் சில்லு பாழ். 23ஆவது பல்லில் கைபிடியைச் சுற்ற மறந்து பேசிக்கொண்டிருந்துவிட்டோம். இரண்டாவது சரியாக வந்தது.

பூட்டும்போது இரண்டு சில்லுக்கும் நடுவில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து நெருக்கி, இறுக்கிவிட்டுக் காகிதத்தைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். அந்தத் தடிப்பத்துக்கு விட்ட இடைவெளிதான் பல்லுக்கு மூச்சு. இறுக்கமாகப் பூட்டினால் சத்தமும் தேய்வும், தளர்ந்தால் அடி. லேத்தின் திறந்த சில்லுகளுக்கு அதிகம் கிரீஸ் அப்ப வேண்டாம். இரும்புத் தூள் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் பல்லிடுக்கைச் சுத்தமாக்கி, கொஞ்சமாக ஒயில் விடுவது நல்லது. மூடியைக் கழற்றிவைத்து ஓட்டவே வேண்டாம். சாரத்தின் நுனியோ சட்டைக் கையோ பல்லுக்குள் போனால் விரலோடுதான் போகும்.

இப்போது அந்த லேத்தில் இன்னொரு சில்லும் வெட்ட ஆசை. 127 பல். ஏன் அந்த எண்? 1959இல் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என்று உலக அளவில் உடன்பட்டார்கள். 127ஐ 5ஆல் வகுத்தால் 25.4. அங்குல லேத்தில் மில்லிமீற்றர் மரை பிழையில்லாமல் வெட்ட 127 பல்தான் வழி. அது எதனாலும் வகுபடாத எண். அதனால் சாதாரண டிவைடிங் தட்டில் அதற்கு ஓட்டையே இருக்காது. இடம் இல்லாதவர்கள் 63 பல்லை வைத்துச் சமாளிப்பார்கள். மீற்றருக்கு எட்டில் ஒரு மில்லிமீற்றர்தான் பிழை வரும். இரண்டு அளவுகளுக்கு இடையில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் இந்த மாதிரி ஒரு எண்ணைத் தேடித்தான் சமாளித்திருக்கிறார்கள்.

எண்ணுங்க, எழுதுங்க

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கொம்பனிகளுக்குப் போன பிறகு மூடிய ஸ்டோர்கள் பல. மூடிய ஸ்டோருக்குள் முதலில் வருவது பழைய இரும்பு எடுக்கிறவர். அவர் கிலோக் கணக்கில்தான் பார்ப்பார். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் ஒன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. பழைய எஞ்சின்களையும் ரோலர்களையும் அங்கே தொட்டுப் பார்க்கும் தூரத்தில் காணலாம். ஒரு சனிக்கிழமை போய்வாங்க. போகும்போது அப்பாவையோ தாத்தாவையோ கூட்டிக்கொண்டு போங்க. மெஷின் முன்னால் நின்றதும் அவர் கை தானாக எழும்பி எதையாவது காட்டும். அதை எழுதிக்கொள்ளுங்க.

உங்கள் ஊரில் ஒரு பழைய சில்லு கிடந்தால், இரும்புக்குப் போவதற்கு முன்னால் பல்லை எண்ணுங்க, வெளிவிட்டத்தை அளவெடுங்க. பல்லில் யாராவது ராவிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க. தடம் இருந்தால் அது யாருடைய கை என்று லயத்தில் விசாரித்து, பேரையும் பக்கத்திலேயே எழுதிவையுங்க.

எங்கள் 40 பல் சில்லு இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. உடைந்த பழையதை நாங்கள் எறியவில்லை. கொட்டில் சுவரில் ஆணியில் தொங்குகிறது. பக்கத்தில் சோக்கால் மூன்று வரி: 40 பல், அங்குலத்துக்கு 20, 14.5 பாகை. அடுத்து உடைக்கிறவர் எங்களைத் தேட வேண்டியதில்லை.